ஊருக்கெல்லாம் ஒரே வாய்

கிட்டே வந்து உட்காருங்கள், என் செல்லங்களா. காது மந்தமானவர்கள் முன்னால் வரட்டும். குரல் பறிபோன ஒருத்தியின் கதை இது. பாதியில் விடமாட்டேன், முழுசாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் மழை ஓயாத ஓர் ஊர். அங்கே இருந்த முஸ்லிம்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே வாய்தான். அது இர்ஷாத் என்பவரின் முகத்தில் இருந்தது.

முன்பு அப்படி இல்லை. இர்ஷாத்தின் இயக்கம் வந்தபோது முதலில் பள்ளிவாசலின் ஒழுகும் கூரையை அடைத்தது. மையித்து விழுந்த, சாவு நடந்த வீட்டுக்குச் சோறு கொண்டுபோனது. எல்லாரும் கையேந்தி அவர்களுக்காக துஆ செய்தார்கள். பிறகு நகரசபைக்காரர்கள் வந்து, இத்தனை பேரிடம் தனித்தனியாகப் பேச எங்களுக்கு நேரமில்லை, ஓர் ஆள் போதும் என்றார்கள். இயக்கம் ஓர் ஆளைக் கொடுத்தது. மறுநாள் மற்றவர்கள் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அவர்கள் பேச்செல்லாம் நகரசபையில், இர்ஷாத்தின் வாய் வழியாக வந்தது. கொஞ்சம் மாறித்தான் வந்தது.

நான் சொல்ல வந்த ஜுலைகாவுக்கு அதில் பெரிய குறை இல்லை. காயல்பட்டினத்திலிருந்து வந்த நாள்முதல் கடையில் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்கினாள். ஆனால் அவளைக் கட்டிய மாப்பிள்ளை மகுதூம் படுத்த படுக்கையானார். சாகப் போகிறவர் ஓட்டுப் போட வரமாட்டார் என்பதால், அவர் குரலை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

"புள்ள, ஒரு முனாஜாத்து ஓது," என்றார். "உன் சத்தத்தக் கேட்டுக்கிட்டே போயிடுறேன்."

முனாஜாத்து என்றால் ராகம் போட்டு அல்லாவிடம் இறைஞ்சும் தமிழ்ப் பாட்டு. இயக்கத்துக்கு அது ஆகாது, மார்க்கத்தில் இல்லாதது என்பார்கள். ஜுலைகாவின் உம்மா வீட்டிலோ, தலைமாட்டில் அதை ஓதாமல் யாரையும் அனுப்பி வைத்ததில்லை.

அவள் வாயைத் திறந்தாள். காற்று வந்தது. துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு நகரசபைக்குப் போனாள்.

அவள் நடக்க நடக்க வராந்தா நீண்டது. நடுவில் கொடி பிடித்து நின்ற ஒரு வெள்ளைக்காரர், உங்களுக்கு ஒரே வாய் இருப்பதுதான் எங்களுக்கும் வசதி, திட்டுவதற்குத் தேடி அலைய வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி வழிவிட்டார். அதிகாரி அம்மா அவளைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டாள். என் குரல் வேண்டும் என்று ஜுலைகா வாயசைத்தாள். பக்கத்து அறையிலிருந்து இர்ஷாத்தின் சத்தம், எங்கள் பெண்கள் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்றது. அதிகாரி அம்மா நன்றி சொல்லி, அவளுக்கு டீ கொடுத்தாள்.

ஜுலைகா டீயைக் குடிக்காமல் பக்கத்து அறைக்குப் போனாள். இர்ஷாத் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்பதையும் அவரே சொன்னார், பதிலையும் அவரே சொன்னார்.

"என் குரலக் குடுங்க தம்பி."

"அது இல்ல மாமி. நேத்து மந்திரி வந்திருந்தாரு. பொம்பளைங்க எல்லாருக்கும் சம்மதம்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. உங்களோடதத்தான் செலவழிச்சேன்."

"எதுக்குச் சம்மதம்?"

"அத அவரு கேக்கல மாமி."

பிறகு அவர் வாயை அகலத் திறந்து காட்டினார். அவள் கையை விட்டுத் துழாவினாள். உள்ளே குரல்கள் நெருக்கமாக மடித்து அடுக்கியிருந்தன. ஆண்களுடையவை மேலே. அடியில் நசுங்கி, யாரோ ஒரு பெண்ணின் குரல் அகப்பட்டது. தடித்த, சளி கட்டிய குரல். அதையாவது கொண்டுபோகும்படி இர்ஷாத் தலையை ஆட்டினார். அவர் கண்ணில் நீர் முட்டியது. வாய் ரொம்ப நேரம் திறந்திருந்ததால் இருக்கலாம்.

அதைத் தன் தொண்டையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது மகுதூமுக்குப் பார்வை போயிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து ஓதினாள். ஓரிடத்திலும் பிசகாமல் கடைசிவரை ஓதினாள்.

"யாரும்மா அது? நல்லா ஓதுறீங்க."

"நான்தாங்க. உங்க ஜுலைகா."

அவர் சிரித்தார். "அவ தொண்டை வேறம்மா. இப்ப வந்துருவா. வந்ததும் என்னை எழுப்புங்க."

கண்ணை மூடிக்கொண்டார். ஜுலைகா அவர் கையைப் பிடித்தபடி, ஜுலைகா எப்போது வருவாள் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் வாசலில் யார் நின்று கூப்பிட்டாலும், உள்ளே படுத்திருப்பவர் குரலை வைத்தே இன்னார் என்று அறிந்து பதில் சொல்லட்டும், மக்களே. உங்கள் வீடு அந்தச் சத்தத்தால் நிறைந்திருக்கட்டும்.