உள்பை

கூட்டத்துக்குத் தலைவி என்று டைலரம்மாவை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. தையல் மெஷின் அவள் வீட்டில் இருந்தது, வாயும் அவளுக்கு இருந்தது, போதாதா? தேர்தல் முடிவு வந்த சாயங்காலம் சந்தை முக்கில் இரண்டு கட்சிக்காரர்களும் வெட்டிக்கொண்டார்கள். கட்சிக்காரனும் செத்தான், கடைக்குப் போனவனும் செத்தான். அடுத்த மாதமே இரண்டு தலைவர்களும் ஒரே மேடையில் ஏறிக் கைகுலுக்கினார்கள். அந்தப் படத்தைச் சந்தைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒட்டியும் வைத்தார்கள். பறிகொடுத்த பெண்கள்தான் ஒருத்தி வாசலை ஒருத்தி மிதிக்காமல் முறைத்துக்கொண்டு திரிந்தார்கள். "அவனுங்களே கூடிட்டானுங்க, நமக்கு என்னடி சண்டை?" என்று வீடு வீடாக ஏறி, இரண்டு பக்கத்தாரையும் தன் முன்னறையில் உட்கார வைத்தவள் டைலரம்மாதான். அந்தப் பெருமையை அவளிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது.

செத்தவர்களின் சட்டைகளை வெட்டி இணைத்து ஒரே பெரிய துணியாக்கி, வருஷம் திரும்பும் நாளில் சந்தை முக்கில் கட்டுவதென்று பேசி முடித்தார்கள். அதற்கு ஒரு சட்டம் போட்டவளும் அவள்தான்: கத்தி எடுத்தவன் சட்டை இதில் சேராது.

சட்டம் யாருக்காக என்று எல்லோருக்கும் தெரியும். இஸ்திரிக்காரம்மாவின் மகன் நர்ஸம்மாவின் புருஷனை வெட்டியதைத் தெருவே பார்த்தது. கட்சியும் தெரியாது, கொடியும் தெரியாது, பால் பாக்கெட்டும் கையுமாக நின்ற மனுஷன். பிறகு எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தப் பையனையும் அங்கேயே முடித்துவிட்டார்கள்.

இஸ்திரிக்காரம்மா மகனின் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தபோது டைலரம்மா வாசலிலேயே மறித்தாள்.

"உன் பையன் பண்ணின காரியத்துக்கு, இந்தப் படியேற உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"அவன் பண்ணினது தப்புதான்க்கா. ஆனா அவனும் செத்துட்டானே."

"நாங்க பறிகொடுத்ததெல்லாம் பால் வாங்கப் போனது, நூல் வாங்கப் போனது. உன்னுது அப்படியா?"

அவள் டைலரம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சட்டையை இடுக்கிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

நூல் வாங்கப் போனவன் டைலரம்மாவின் மகன். அப்படித்தான் ஊருக்குச் சொல்லியிருந்தாள், ஊரும் நம்பியது. அவள்தான் நம்பவில்லை. சாகும்போது அவன் போட்டிருந்த சட்டை போலீசோடு போயிற்று. இன்னொன்று இஸ்திரி மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. முகத்தில் வைத்து அழலாம் என்று அதை எடுத்துப் பிரித்தாள். உள்பக்கம், அக்குளிலிருந்து கீழ்மடிப்பு வரை நீளமாக ஒரு பை. தைக்கத் தெரியாதவன், அம்மா இல்லாத நேரத்தில் அவள் மெஷினிலேயே உட்கார்ந்து கோணல்மாணலாக ஓட்டிய தையல். பேனா வைக்கவா அவ்வளவு நீளம்? போட்டுக்கொண்டு போனதிலும் இதே பை இருந்திருக்கும். பாவி மகன், வாய்விட்டு அழக்கூட விடாமல் போய்ச் சேர்ந்தான். அன்றைக்கே பையைப் பிரித்து அடுப்பில் போட்டாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போனது. இப்போது அந்தச் சட்டை துணியின் நடுவில், நர்ஸம்மா புருஷன் சட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

கட்டுவதற்கு முதல் நாள் துணி முழுக்கச் சுருக்கம். கனமான இஸ்திரிப் பெட்டி தெருவில் ஒருத்தியிடம்தான் உண்டு. சட்டை ஆகாது, கை மட்டும் ஆகுமா என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்தாள். தண்ணீர் தெளித்துத் தேய்த்துக்கொண்டே போனவள் நடுவில் வந்ததும் ஒரு கணம் நின்றாள். பிரித்த தையலின் ஊசித் தடம் ஈரத்துணியில் மேலிருந்து கீழாக எழுந்து நின்றது. நீவி நீவி மறைத்துவிட்டதாக டைலரம்மா நினைத்திருந்தாள்.

"இது என்னக்கா, கோணலா ஒரு கோடு?" என்று நர்ஸம்மா குனிந்தாள்.

டைலரம்மா சட்டென்று உள்ளங்கையை அந்தக் கோட்டின் மேல் வைத்தாள்.

"என் பெட்டி ஓரம் பட்டிருக்கும்மா. நீவினாப் போயிடும்" என்றாள் இஸ்திரிக்காரம்மா.

"எங்க வீட்டுத் துணி எல்லாத்துலயும் உங்க வீட்டுக் கை பட்டே ஆகணுமா? தேய்ச்சாச்சுன்னா கிளம்புங்க" என்று நர்ஸம்மா சீறினாள்.

இஸ்திரிக்காரம்மா கிளம்பினாள். டைலரம்மா படிவரை ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"அந்தச் சட்டையைத் தேய்ச்சவளே நான்தானேக்கா. என் பையன் சட்டையிலயும் அதே மாதிரி பை. ரெண்டையும் ஒரே நாள்லதான் தேய்ச்சேன்."

"அன்னிக்கே என்கிட்ட ஓடி வந்து சொல்றதுக்கென்ன?"

"நீங்க எதிர்க்கட்சி வீடு. வாசல் ஏறப் பயமா இருந்துச்சு. வந்திருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டாள். விளக்குமாற்றை எடுத்திருப்பாள்.

"சரி, உன்னை விரட்டினப்போ சொல்லியிருக்கலாமே."

"ஒரு பிள்ளையாவது நூல் வாங்கப் போனதா இருக்கட்டும்னு விட்டுட்டேன்க்கா."

செருப்பால் அடித்திருந்தால்கூட டைலரம்மாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது. உள்ளே வந்தாள். எல்லோர் முன்னாலும், "என் பையனும் கத்தியோடதான் போனான்" என்றாள். பையைச் சொன்னாள், அடுப்பைச் சொன்னாள்.

நர்ஸம்மா கத்தவில்லை. "அவர் சட்டையைப் பிரிச்சுக் கொடுத்திடுங்க" என்றாள், அவ்வளவுதான். டைலரம்மாவே உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்துக் கொடுத்தாள். நர்ஸம்மாவோடு பாதிப் பெண்களும் எழுந்து போனார்கள்.

மறுநாள் சந்தை முக்கில் மிச்சப் பெண்கள் துணியைப் பிடித்தார்கள். நடுவில் ஒரு சட்டை அளவுக்கு ஓட்டை. எதிர்ப்பக்கம், மகன் சட்டையோடு இஸ்திரிக்காரம்மா தனியாக நின்றாள். டைலரம்மா அவளிடம் போனாள்.

"கொண்டா. அந்த இடத்துல வச்சுத் தைச்சிடறேன்."

"வேண்டாம்க்கா. அது அந்த மனுஷன் இடம். என் பையன் கொன்னு காலியான இடம். அங்க அவனைப் போடாதீங்க."

டைலரம்மா துணியின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். அதை மட்டும் அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக் கட்டினார்கள். ஓட்டை வழியாக, சுவரில் கைகுலுக்கிச் சிரித்துக்கொண்டிருந்த இரண்டு தலைவர்களும் பளிச்சென்று தெரிந்தார்கள்.