பக்க வெளிச்சம்

"அப்பா, நிலாவுக்குப் பட்டி பாத்தது நீயா?"

மகளுக்கு அப்போது ஏழு வயது. காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போன இடத்தில், முழுநிலாவின் கறைகளை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. வர்ணம் அடிப்பதற்கு முன் சுவரில் வெள்ளை மாவைக் குழைத்துத் தடவி, மேடு பள்ளம் தெரியாமல் தேய்த்து வழவழப்பாக்குவதுதான் அப்பாவின் தொழில். அந்த வட்டாரத்துக்கே அவர் பட்டிக்காரர். உலகத்தில் வெள்ளையாக எது இருந்தாலும் அதில் அப்பாவின் கை பட்டிருக்கும் என்று அவள் நம்பினாள்.

"நானா? நான் பாத்திருந்தா இப்படித் திட்டுத் திட்டா விட்டிருப்பேனா? மானம் போயிடும்!"

"அப்ப யாரு?"

"அது ஆண்டவனோட வேலை, கண்ணு. இன்னும் முடிக்கல போல. அவருக்கென்ன, யாரு வந்து அவசரப்படுத்தப் போறா?"

சிரித்துக்கொண்டே சொன்னாரே தவிர, கேள்வி அவருக்குள் ஒட்டிக்கொண்டது. அந்தத் திட்டெல்லாம் கறையா, பள்ளமா? சுவரை நம்பி வாழ்கிற மனிதருக்கு அது சின்ன விஷயமா? பழைய சாமான் கடையில், தூரத்தைக் கிட்டே இழுக்கும் கேமரா ஒன்றை வாங்கினார். மணல் நிரப்பிய பெயின்ட் வாளிதான் அதற்குத் தாங்கி. வேலை முடிந்து கை கழுவியதும் மாடி ஏறிவிடுவார். "ஏங்க, கட்டிக்கிட்டு வந்தவ கீழ இருக்கேன், ஞாபகம் இருக்கா?" என்று மனைவி படியில் நின்று குரல் கொடுப்பாள். பிறகு அவளும் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வானத்தைப் பார்க்கக் கூலி கேட்காத கடவுளை அந்த மூன்று பேரும் அப்படித்தான் அறிந்துகொண்டார்கள்.

மூன்று வருடம் ஓடியது. மகளுடைய பள்ளியில் புதிதாக அறிவியல் அறை கட்டினார்கள். சுவர்களுக்குப் பட்டி பார்த்தவரும் அவர்தான். நடுச்சுவரில் ஒரே ஒரு நிலாப் படம் மாட்டப்போவதாகவும், வீடுகளிலிருந்து வருவதில் நல்லதைத் தேர்ந்தெடுப்பதாகவும் டீச்சர் அறிவித்தார். மகள் கையைத் தூக்கி, "எங்கப்பா நிலாவுல இருக்கற குழியை எல்லாம் படம் எடுப்பாரு" என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்ததாம். "சுண்ணாம்பு வாளியிலயா?" என்று கேட்டானாம் ஒருவன்.

"சொல்லிட்டேம்ப்பா. இனிமே வாபஸ் வாங்க முடியாது" என்றாள் மகள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

முழுநிலா அன்று இருபது படம் எடுத்தார். இருபதும் வெள்ளைத் தட்டு. மகள் பார்த்துவிட்டு, "இது நிலா இல்லப்பா, பல்பு" என்றாள்.

மறுநாள் வேலையிடத்தில் ஒரு சுவரை முடித்து, வழக்கம்போல விளக்கைச் சுவரோடு சேர்த்துப் பக்கவாட்டில் பிடித்தார். நேரே வெளிச்சம் அடித்தால் எந்தச் சுவரும் யோக்கியனாகத்தான் நிற்கும். பக்கத்திலிருந்து அடித்தால்தான் கடுகளவு மேடும் நிழல் விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். முழுநிலாவுக்குச் சூரியன் நேரே நிற்கிறது. பாதி நிலாவுக்குத்தான் பக்க வெளிச்சம்!

"இருபது வருஷமா கையில இருந்த பாடம்டா மடையா" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த வளர்பிறைக்காகக் காத்திருந்தார். நிலா பாதியை நெருங்கிய முதல் மாலை, எதிர்ப்புறத் தையல் கடையின் விளக்குப் பலகை கெடுத்தது. அதன் நீல விளக்கு லென்ஸில் நேரே பட்டு, படம் முழுக்கப் புகை மூட்டம். தையல்காரரிடம் போய்ச் சொல்லலாம்தான். ஆனால் தெருவே அவரைச் சிடுமூஞ்சி என்றுதான் சொல்லும். போதாததற்கு, கடை வாசலில் உப்புப் பூத்து உதிரும் சுவரால் துணியெல்லாம் பாழாகிறது என்று அவருக்கு எப்போதும் எரிச்சல். மாலை நேரத்து வாடிக்கையாளர் வருவதும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான். வேண்டாம் என்று பட்டிக்காரர் துண்டை எடுத்து லென்ஸுக்கு மறைப்புப் பிடித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. கீழே கடை வாசலில் நின்ற தையல்காரர் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் மாலை அவர் வாளியை வைத்துக் கேமராவைத் திருப்பியதும் பலகை அணைந்தது. கால் மணி நேரம் கழித்து எரிந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

"போர்டு பழுதான்னு கேட்டேங்க" என்றாள், பாவாடை ஓரம் மடிக்கக் கொடுத்துவிட்டு வந்த மனைவி. "'எனக்குக் கண்ணு கூசுது, அணைக்கிறேன். உனக்கென்னம்மா?'ன்னு எரிஞ்சு விழுந்தாரு மனுஷன்."

அன்று மாலை பட்டிக்காரர் மாடியிலிருந்து கீழே பார்த்தார். தையல்காரர் சுவிட்சில் ஒரு கை வைத்து, தலையை வெளியே நீட்டி நிலாவை ஒரு பார்வை, மாடியில் இருந்த வாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போய் இருட்டில் உட்கார்ந்தார்.

அந்தக் கால் மணியில்தான் படம் விழுந்தது. பாதி நிலா. ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் குழி குழியாய், ஒவ்வொரு குழிக்கும் ஒரு பக்கம் கறுப்பு நிழல், மறு பக்கம் வெள்ளைக் கரை. மகள் திரையில் விரல் வைத்து எண்ணத் தொடங்கி, நாற்பதில் தடுமாறி, அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பள்ளிக்கு வந்த படங்களில் பெரிய பெரிய லென்ஸ் வைத்து எடுத்தவை பல. எல்லாம் முழுநிலா. டீச்சர் தேர்ந்தெடுத்து மாட்டியது பாதி நிலாவை. பெற்றோர் கூடிய நாளில் ஒருவர் கேட்டார், "யார் எடுத்தது? கையில பிடிச்சிடலாம் போல இருக்கே!"

"படம் எடுத்தது எங்கப்பா" என்றாள் மகள், அறையே கேட்கும்படி. "அது மாட்டியிருக்கற சுவருக்குப் பட்டி பாத்ததும் எங்கப்பா."

பட்டிக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அன்றைக்கு அந்த நெஞ்சை மடக்கி வைக்க யாராலும் முடிந்திருக்காது. ஆனால் வீடு திரும்பும்போது தையல் கடையைக் கடந்தவர், வாசல் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நன்றி சொன்னால் அந்த மனிதர் சீறுவார். மறைத்துச் செய்ததை வெளியே இழுத்துப் போடுவதும் மரியாதையில்லை.

அடுத்த ஞாயிறு கடைக்கு விடுமுறை. தெரு விழிக்கும் முன்பே பட்டிக்காரர் வாளியோடு வந்தார். உதிர்ந்ததைச் சுரண்டினார், உப்பைத் துடைத்தார், முதல் பூச்சு தடவினார். அது காயும்வரை கடைப் படியில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் தேய்பிறை, இப்போது மறுபக்கத்துப் பாதி. இரண்டாம் பூச்சையும் தடவி, காயவிட்டுத் தேய்த்து, விழுந்த தூளைக் கூட்டி அள்ளினார்.

கடைசியாக டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தார். ஒரு நிழல்கூட விழவில்லை.

டார்ச்சை அணைத்து, வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.