அது அந்த சூப்பர் இல்லை

மாமா முதலில் அதைச் சொன்னது மருத்துவமனையிலா, வீட்டுக்கு வந்த பிறகா என்பது எனக்கு இப்போது உறுதியில்லை. அவர் மனைவியான என் அக்கா மருத்துவமனை என்கிறாள். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது ஒரே சொல். எங்கள் முடிதிருத்தும் கடையில், வேலை முடிந்து துணியை உதறும்போது அவர் வழக்கமாகச் சொல்லும் 'சூப்பர்'.

காபி சுட்டாலும் சூப்பர். கால் வலித்தாலும் சூப்பர். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, கண்ணில் நீர் வழிய, அதையேதான் சொன்னார்.

"இத்தனை வருஷம் என் சமையலைப் பத்தி வாயைத் திறந்ததில்ல. இப்பப் பாரு, ஓயாத பாராட்டு," என்று சிரித்த அக்கா, சமையலறைக்குப் போய் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

கடையைக் கைமாற்றிவிட முடிவெடுத்ததும் அவள்தான். "அந்த ஒரு வார்த்தைய வச்சுக்கிட்டு அவர் கடையில உக்காந்தா ஊரே சிரிக்கும்டா." மாமா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். முக்கியமானவற்றைப் பேசாமல் விடுவதே எங்கள் வீட்டு வழக்கம்.

கடையை எடுப்பவர் வரவிருந்த காலையில், மாமா இடது கையால் சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். கடைக்கு அழைத்துப் போனேன். நாற்காலியில் தபால்காரர்.

"எப்படிண்ணே இருக்கீங்க?"

"சூப்பர்."

"குடுத்து வச்சவரு. எனக்கு அதைச் சொல்ல நாக்கு வரமாட்டேங்குது," என்றார் தபால்காரர்.

நான் வெட்டி முடித்ததும் மாமா மெல்ல எழுந்து வந்து தபால்காரரின் பிடரியைக் குனிந்து பார்த்தார். "சூ...ப்பர்." தாழ்ந்த குரல். இடது காதுக்குப் பின்னால் கொஞ்சம் ஏற்றி வெட்டியிருந்தேன். மறுபடி கத்தரியை எடுத்தேன்.

"அதான் சூப்பர்னு சொல்லிட்டாரே, இன்னும் என்னடா வெட்டுற?"

"அது அந்த சூப்பர் இல்லண்ணே."

அக்கா கடை எடுப்பவரோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "எப்பக் காலி பண்றீங்க?" என்றார் அவர்.

"அவரையே கேளுங்க."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "சூப்பர்."

அந்த மனிதர் முகம் மலர அக்கா பக்கம் திரும்பினார்.

"முடியாதுங்கறாரு," என்றாள் அக்கா.

அந்த மனிதர் இப்போது அடுத்த தெருவில் கடை போட்டு நன்றாக இருக்கிறார். தபால்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். மாமாவின் நாற்காலியில் நான் வெட்டுகிறேன், அவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார். 'தம்பி', 'இரு' என்று இரண்டு சொற்கள் திரும்பி வந்திருக்கின்றன. அக்காவின் பெயர் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் அவருக்குத் தலைவாரி முடித்த பிறகும், சீப்பைக் கீழே வைக்காமல், அவர் உதடுகளையே பார்த்தபடி நிற்கிறாள்.