ஒரு பெயரை மட்டும் நீக்கினால்

மார்ச் 27, 2025. வியாழன். இன்றைய பிழை: முடியாது என்று சொன்ன அதிகாரிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நெய்யாற்றின்கரையில் மாலைநேரக் கணக்கு வகுப்பு தொடங்கும் முன், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ரேஷ்மி இதை எழுதினாள். தேதி, கிழமை, பிழை, நாளைய வேலை என்ற வரிசையில்தான் எழுதுவாள். பிழை இல்லாத நாள் அவளுக்கு வாய்த்ததில்லை. வாய்த்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

அமரவிளை ஆட்டோ ஸ்டாண்டின் டிரைவர்கள் சேர்ந்து, குடும்பங்களுக்காகக் குழுக் காப்பீடு எடுத்திருந்தார்கள். தனித்தனியாக எடுத்தால் கட்டுப்படியாகாது. அவள் அப்பா ஜெயதாஸும் அங்கேதான் வண்டி ஓட்டுகிறார். வகுப்புக்குப் போகிற பிள்ளை என்பதால் கம்பெனியோடு பேசுகிற வேலை அவள் தலையில் விழுந்தது.

திங்கட்கிழமை காப்பீடு முடிகிறது. புதுப்பிக்க மும்மடங்கு கேட்டிருந்தது கம்பெனி. போன வருடம் அதே ஸ்டாண்டில் ஓட்டும் ராஜையாவின் மனைவி மினிக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அரசுத் திட்டத்தில் அவர்கள் பெயர் சேராததால், செலவெல்லாம் இந்தக் காப்பீட்டில்தான் போயிற்று.

இன்று காலை ஸ்டாண்டின் தலைவர் ஜெயனோடு அவள் திருவனந்தபுரத்திலுள்ள கம்பெனி ஆபீசுக்குப் போனாள். பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒன்று விடாமல் சொன்னாள். யாருக்கும் நோயில்லாத வருடங்களிலும் தவணை தவறாமல் கட்டினோம். நோய் வருகிற நாளுக்காகத்தானே கட்டினோம். வந்தவரை வெளியே தள்ளினால் நீங்கள் விற்றது என்ன?

அதிகாரி பொறுமையாகவே கேட்டார். "மோளே, நீ சொல்றது ஞாயம்தான். ஞாயத்த அடிச்சு ஏத்த இந்த ஸ்கிரீன்ல இடம் இல்லை." பிறகு, உதவி செய்கிறவரைப்போலக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒரு பேரை மட்டும் நீக்கினா பழைய தொகைதான்."

அப்போதுதான் அவள் நன்றி சொன்னாள்.

வகுப்பில் ஒன்றும் தலையில் ஏறவில்லை. பாதியில் எழுந்து ஸ்டாண்டுக்கு வந்தாள். வண்டிகளை வரிசையில் விட்டுவிட்டு எல்லோரும் டீக்கடை ஓரம் நின்றார்கள். ஜெயன் விஷயத்தைச் சொல்லி முடித்திருந்தார்.

"மூணு மடங்கு பணம் அடைக்கதுக்கு நாம என்ன பஸ் முதலாளியளா?" என்றார் சஜு. "எனக்க பிள்ளைக்கு மூச்சு முட்டினா நான் பாலிசி இல்லாம எங்க ஓட?"

"அடுத்த வருஷம் எனக்க கால்முட்டுக்கு வயசாச்சுண்ணு எனக்க பேரையும் வெட்டுவான், பாத்துக்கோ," என்றார் செல்லசாமி. வழக்கமாக அவர் பேச்சுக்குச் சிரிக்கிறவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

"காப்பீட்டுக் குறைதீர்ப்பு ஆபீசுக்குப் புகார் கொடுக்கலாம், ஜெயன் அண்ணா," என்றாள் ரேஷ்மி.

"கொடு மக்கா. பதில் வர எத்தன மாசம் ஆகுமோ. பாலிசி திங்களாழ்ச்ச தீருமே."

ரேஷ்மி அப்பாவைப் பார்த்தாள். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாவுக்கு அடுத்த மாதம் கர்ப்பப்பை ஆப்பரேஷன். அதுவும் இதே பாலிசியில். நீக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

சவாரியை இறக்கிவிட்டு ராஜையா வந்து வரிசையின் கடைசியில் வண்டியை நிறுத்தினார்.

"எலே, என்ன எல்லாவனும் வாய் மிண்டாம நிக்குதிய? பெட்ரோலுக்கு விலை குறஞ்சுதா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து ரேஷ்மியிடம் வந்து நின்றார். "நீ சொல்லு மோளே. கம்பெனிக்காரன் என்ன சொன்னான்?"

சொன்னாள். அவர் தோளில் கிடந்த துவர்த்தால் கழுத்தைத் துடைத்தார்.

"வெட்டுங்க. இவ்வளவு நாளு கெடச்சதே பெரிய காரியமாக்கும்."

"நாங்க பணம் பிரிச்சுத் தாறோம் ராஜையா," என்றார் ஜெயன்.

"எத்தன நாளைக்கிலே பிரிப்பிய? இது தீருற ஏர்ப்பாடா?" ராஜையா வண்டி வரிசையைப் பார்த்தார். "நாளைக்கு யாருக்க முறை?"

டயாலிசிஸ் நாளில் ராஜையாவின் ஓட்டம் கெடக்கூடாது என்று, ஸ்டாண்டில் ஒவ்வொருவராக முறைவைத்து, கூலி வாங்காமல் மினியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவார்கள். அந்த முறை இதுவரை தவறியதில்லை.

"எனக்க முறை," என்றார் ஜெயதாஸ், தலை நிமிராமல். "விடிஞ்சதும் வாறேன்."

"அவகிட்ட இதொண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லிக்கிடுவேன்." ராஜையா வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பிறகு ரேஷ்மியைக் கூப்பிட்டார். "கடுதாசி நீயே எழுது மோளே. அவளுக்க பேரையும் இனிஷியலையும் சரியா போடு. முன்ன ஒருக்கா தெத்தாப் போட்டு பில்லு மடங்கி வந்துது."

"சரி மாமா," என்றாள்.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தாள். அந்த நன்றி பழக்கத்தில் வந்ததா, அம்மாவின் ஆப்பரேஷனுக்குக் காப்பீடு தப்பியது என்ற நிம்மதியில் வந்ததா? நெடுநேரம் யோசித்தும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதையும் பிழைக்குக் கீழே எழுதினாள்.

நாளைய வேலை: விடியும் முன் அப்பாவை எழுப்பி, மினி மாமியைக் கூட்டிப்போக அனுப்ப வேண்டும். குறைதீர்ப்பு ஆபீசுக்குப் புகார் எழுத வேண்டும். பிறகு, மாமியின் பெயரை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்குக் கடிதம். அனுப்பும் முன் இனிஷியலைச் சரிபார்க்க வேண்டும்.