தங்கபுஷ்பம் கம்பத்தில் ஒட்டியிருந்த பதினோரு நாள்

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இந்த நிமிஷமே உதிரட்டும்.

செம்பொறைக்குளத்தில் சுகர்காரர்கள் பூங்காவைச் சுற்ற ஆரம்பித்த நாற்பத்தோராம் நாள், நடுவில் நின்ற விளக்குக் கம்பம் காந்தமாகிவிட்டது. இரும்பைச் சுற்றிக் கரன்ட் ஓடினால் இரும்பு காந்தமாகும். ஓடுவது கரன்டாக இருந்தால் என்ன, ஓய்வுபெற்ற கண்டக்டராக இருந்தால் என்ன? எண்பத்தொன்பது பேர், காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். முதலில் வாட்ச்மேனின் சாவிக்கொத்து போய் ஒட்டியது. அப்புறம் ஒரு சைக்கிள். வாட்ச்மேன் அன்றோடு கேட்டைப் பூட்டுவதை விட்டுவிட்டார்.

அந்த ஓய்வுபெற்ற கண்டக்டர்தான் பூவலிங்கம். அவர் பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்கு சுகர் கிடையாது. ரத்தத்தில் இரும்புதான் போதாது. டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தாள். தங்கபுஷ்பம் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. மாத்திரையோடு முருங்கைக்கீரை, பேரீச்சை, கருப்பட்டி என்று நாலு மாதம் விடாமல் தின்று தீர்த்தாள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. புருஷனிடம் சொல்லலாமென்று அவள் பூங்காவுக்குள் கால் வைத்தாள். தாலியில் கோத்திருந்த ஊக்குகள் விறைத்து நின்று வழி காட்டின. பின்னாலேயே அவளும் போய், இடது தோளோடு கம்பத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"இந்தாருங்க," என்றாள் அங்கிருந்தே. "நம்ம செண்பகத்துக்கு வளைகாப்பு வச்சிருக்காங்களாம். வார வெள்ளி இல்ல, அதுக்கு அடுத்த வெள்ளி. நாகர்கோவில் போயி மொத வளையலை நான்தான் போடணும். போட்டுட்டுப் புள்ளையக் கூட்டியாரணும். அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க."

"இந்த ரவுண்டை முடிச்சிட்டு வாரேன்," என்றார் பூவலிங்கம்.

முடித்துவிட்டு வந்து இழுத்துப் பார்த்தார். லோடுமேன்கள் இரண்டு பேர் வந்து இழுத்தார்கள். ஒரு ஜாண் வந்தவளைக் கம்பம் திருப்பி வாங்கிக்கொண்டது. அன்று தொட்டு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் எழுந்தார்; எழுந்தால் பூங்காவுக்கு வந்தார்; வந்தால் கால் பழக்கத்தில் சுற்றத் தொடங்கியது; சுற்றச் சுற்ற அவள் இன்னும் இறுகினாள்.

"நீங்களே வந்து வந்து முடுக்குறீங்க," என்றாள் தங்கபுஷ்பம், அவர் கொண்டுவந்த கஞ்சியைக் குடித்தபடி.

எல்லோரும் இரண்டு நாள் சுற்றாமல் இருந்தும் பார்த்தார்கள். ஏழு பேருக்கு சுகர் ஏறியதே தவிர, கம்பம் விடவில்லை. எஃகுக்கு அப்படியொரு வீம்பு உண்டு. ஊட்டியவன் போன பிறகும் ஊட்டியதை மறக்காது.

வழி சொன்னது கருப்புச் சட்டை இங்கர்சால். அந்த எண்பத்தொன்பது பேரில் எண்பத்தெட்டு பேர் வலமாகச் சுற்ற, இவர் ஒருவர் மட்டும் கொள்கைக்காக இடமாகச் சுற்றுகிறவர்.

"எல்லாரும் இடமாச் சுத்துங்க வே. ஏத்தினது எறங்கிரும். நான் ஒருத்தன் எத்தனையைக் கழிப்பேன்?"

கூட்டம் காதைப் பொத்திக்கொண்டது. கம்பத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார்.

"சாமிய வச்சுக்கிட்டு இடம் சுத்தவா? அது சுடுகாட்டுல சுத்துறதுல்லா!"

"அப்பம் தங்கபுஷ்பம் மைனி அங்கேயே நிக்கட்டுமா?"

"நின்னா என்ன? பிள்ளையாருக்கும் தொணையாச்சு."

அடுத்த வாரச் செவ்வாயும் போயிற்று, புதன் வந்துவிட்டது. விடிந்தால் வியாழன், அதற்கு மறுநாள் வளைகாப்பு. பூவலிங்கம் பூசாரியிடம் வழி கேட்டு, பூங்காவுக்கும் கோயிலுக்குமாகப் பதினாறு தடவை நடந்தார். பதினாறாவது தடவை, பூசாரி கற்பூரத் தட்டோடு கருவறையிலிருந்து பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவதைப் பார்த்தார். சாமிக்கு முதுகு காட்டக் கூடாதல்லவா?

"சாமி, இப்பம் நீங்க எந்தப் பக்கம் போறீங்க?"

பூசாரி யோசித்தார். "முகம் எந்தப் பக்கமோ, அதுதான் அண்ணாச்சி திசை."

வியாழன் காலை ஐந்து மணிக்கு எண்பத்தெட்டு பேரும் வலம் சுற்றுகிற மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்தார்கள். பிள்ளையாருக்குக் குறையில்லை. கரன்டுக்கோ முகம் கிடையாது. கால் போகிற பக்கம்தான் கணக்கு. ஊரே தன் பக்கம் வந்துவிட்டதைக் கண்ட இங்கர்சால், மானம் போய்விடுமென்று திரும்பி வலமாகச் சுற்றினார்.

முப்பதாம் சுற்றில் சாவிக்கொத்து விழுந்தது. முப்பத்திரண்டில் சைக்கிள். முப்பத்தைந்தில் கம்பத்தின் வடக்கு தெற்காகிவிட்டது. பதினோரு நாள் ஒட்டியிருந்ததில் தங்கபுஷ்பமும் காந்தம்தானே? கம்பம் அவளைத் தள்ளிவிட்டது. கேட்டருகே வந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"நிறுத்துங்க!" என்றார் பூவலிங்கம்.

எல்லோரும் நிறுத்தினார்கள். கால்கள் நிற்கவில்லை. காந்தம் வடிகிறபோது தன்னைச் சுற்றி ஓடுவதை நிற்க விடாது, உந்திக்கொண்டே இருக்கும். எண்பத்தொன்பது பேரும் போய்க்கொண்டே இருந்தார்கள். பூவலிங்கம் சுற்றுக்கு ஒரு தடவை கேட்டைக் கடந்தார். கடக்கும்போதெல்லாம் ஒரு வார்த்தை பேசினார்.

"பஸ்ஸு ஏழே காலுக்கு. நானும்..." என்றபடி பின்பக்கமாகப் போய்விட்டார்.

அடுத்த சுற்றில், "சட்டையை மாத்திட்டு..."

அதற்கடுத்த சுற்றில், "நீ போ புள்ள, நான் அடுத்த பஸ்ஸுல..."

"சுகர் மாத்திரையப் போட்டுக்கிடுங்க," என்றாள் தங்கபுஷ்பம். நாலாவது சுற்றில் அவர் வந்தபோது கேட்டருகே ஆளில்லை.

நாகர்கோவிலில் வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே கரன்ட் இல்லை. கல்யாண மண்டபம் முழுக்கச் சனம், விசிறியெல்லாம் அசையாமல் தொங்கியது. மகள் செண்பகம் இரண்டு கையிலும் தங்க வளையலோடு மணையில் வியர்த்துக் கிடந்தாள். அம்மா கண்ணாடி வளையலோடு கிட்டே வரவர, தங்க வளையல் கை தானாகப் பின்னால் போயிற்று. தங்கபுஷ்பம் எட்டிப் பிடித்து முதல் வளையலைப் போட்டாள். போட்டுவிட்டு விலகும்போது அந்தக் கை அவளை விடாமல் பின்னாலேயே வந்தது. தங்கம் காந்தத்தில் ஒட்டாதுதான்; ஆனால் காந்தம் கிட்டே வந்தால் விலகும், காந்தம் விலகினால் தொடரும்.

"எங்கம்மா நேரா உக்காரவே விடமாட்டா," என்றாள் செண்பகம் பக்கத்துப் பெண்ணிடம்.

பிறகு தங்கபுஷ்பம் ஆரத்தித் தட்டை எடுத்து மகளின் முன்னால் சுற்றினாள். சுற்றுவது கரன்டானால் காந்தம் பிறக்கும். சுற்றுவது காந்தமானால் கரன்ட் பிறக்கும். மூன்றாவது சுற்றில் மண்டபத்து விசிறிகள் ஓடின. தட்டு நின்றதும் விசிறிகள் நின்றன. தட்டு சுற்றியதும் ஓடின.

சம்பந்தியம்மாள் நாற்காலியை ஒரு விசிறிக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிறுத்தாதீங்க மைனி. சனம் சாப்பிடட்டும்."

"புள்ளையக் கூட்டிட்டுப் போணுமே, ரெண்டரைக்கு பஸ்ஸு."

"யாரு வேண்டாம்னா? கரன்ட் வந்ததும் தாராளமாக் கூட்டிட்டுப் போங்க."

"சரி," என்று தங்கபுஷ்பம் தட்டைக் கை மாற்றிக்கொண்டாள்.

ஆவணி பிறந்து ஆவணியும் போய்விட்டது, நாகர்கோவிலில் விசிறிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. யார் சொன்னதென்று எவன் கேட்டாலும் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பூவலிங்கம் அடுத்த சுற்றில் இந்தப் பக்கமாகத்தான் வந்துகொண்டிருக்கிறார், முதுகைக் காட்டிக்கொண்டு.