கடல் ஏறாத ஏரி மீன்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. அடுப்புப் பக்கம் இன்னும் இடமிருக்கிறது. புருஷனை ஒரு வாய் சாப்பிட வைக்கக் குன்வோர் பட்ட பாட்டை இன்றைக்குச் சொல்கிறேன்.

நார்வேயின் வடகோடியில், எங்கள் தீவில்தான் நடந்தது. குன்வோரின் புருஷன் ஹால்வாரும் அவன் தம்பி ஸிவெரும் ஒரே படகில் மீனுக்குப் போனவர்கள். படகு கவிழ்ந்தது. ஹால்வார் பாறையைப் பற்றிக்கொண்டு பிழைத்தான். ஸிவெரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஹால்வார் கடல் மீனை வாயில் வைப்பதில்லை. ஆள் முழுகிப்போன வீட்டில் கானாங்கெளுத்தியைத் தொடாமலிருப்பது எங்கள் கரையில் உண்டு. கடல் மீன் அத்தனையையும் விட்டவன் இவன் மட்டும்தான்.

நடுக்குளிரில் எங்களுக்கு மீனை விட்டால் வேறென்ன இருக்கிறது? உப்பிட்ட ஆட்டிறைச்சி தீர்ந்துவிட்டது. புயலில் சாமான் படகு வரவில்லை. உருளைக்கிழங்கை இரண்டு வாய் மென்றுவிட்டு ஹால்வார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். கன்னம் ஒட்டிப்போயிற்று, கல்யாண மோதிரம் விரலில் நிற்கவில்லை. குன்வோர் கெஞ்சினாள், திட்டினாள். கண்ணும் முள்ளும் தெரியாமல் அரைத்து, பால் விட்டு வேகவைக்கும் மீன் புட்டிங் செய்து தரட்டுமா என்று கேட்டாள். அவன் திரும்பாமலே சொன்னான்:

"அந்த மீன் எதைத் தின்னு கொழுத்துச்சுன்னு உனக்குத் தெரியுமா, குன்வோர்?"

மறுநாள் வெளிச்சம் லேசாகத் தட்டுப்பட்டதும் கோடரியும் தூண்டிலுமாக மலைமேல் இருக்கும் ஏரிக்குக் கிளம்பினாள். பக்கத்து வீட்டு ஒலேயா வழிமறித்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? வாசல்ல கடலை வச்சுக்கிட்டு மலையேறுறே. ஏரி மீனை எங்க வீட்டுப் பூனையே மோந்துட்டுப் போயிடும்."

"பூனைக்கு நான் சமைக்கல, ஒலேயா."

ஏரியின் பனிக்கட்டியில் துளை வெட்டி, காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தினாள். துளை உறைய உறைய மறுபடி வெட்டினாள். வெறுங்கையோடு திரும்பினால் அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று தெரியும். அதனால் எழுந்திருக்கவே இல்லை. இருட்டுவதற்குள் ஒரு புட்டிங்குக்கு மட்டும் போதுமான மீன் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சதையைச் சுரண்டி, உப்பிட்டு அரைத்தாள். கடல் மீன்போல வெள்ளையாக இல்லாமல் இளஞ்சிவப்பாக, வழவழவென்று திரண்டு வந்தது. ஆபத்து அதற்குப் பிறகுதான். பால் சில்லென்று இருக்க வேண்டும். கரண்டி கரண்டியாகத்தான் விட வேண்டும். பால் முழுதும் சேரும்வரை எங்கள் பெண்கள் பாத்திரத்தை அடுப்பருகே கொண்டுபோக மாட்டார்கள். ஆனால் அவள் விரல்கள் மரத்துக் கிடந்தன. கரண்டி கையில் நிற்கவில்லை. கொஞ்சம் சூடு படட்டும் என்று பாத்திரத்தை அடுப்போரம் இழுத்து வைத்துக் கிளறினாள். விரலுக்கு உயிர் வந்தது. மீன் திரிந்து போனது. தண்ணீர் தனி, திப்பி தனி.

உருளைக்கிழங்கு மாவைப் போட்டுப் பார்த்தாள். வெளியே பனியில் புதைத்து வைத்துக் கிளறிப் பார்த்தாள். சேரவில்லை. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவனுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கேட்டுத்தான் இருக்க வேண்டும். ஹால்வார் சுவரைப் பிடித்தபடி வந்து குனிந்தான்.

"ஏன் சிவப்பா இருக்கு?"

"மலை ஏரி மீன். கடல் அங்க ஏறாது, ஹால்வார். இதுங்க ஸிவெரைப் பாத்ததே இல்ல."

அவளுடைய வெடித்த விரல்களைப் பார்த்தான். பிறகு வேகவைக்கச் சொன்னான். கெட்டுப்போயிற்று என்று அவள் சொன்னதற்கு, தெரிகிறது, வேகவை என்றான்.

வெந்தது உதிரி உதிரியாக, நீர் கசிந்து தட்டில் சரிந்தது. ஹால்வார் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். விழுங்காமல் அப்படியே இருந்தான். குன்வோர் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெல்ல ஏறி இறங்கியது.

"இவ்வளவு மோசமா நீ ஒருநாளும் செஞ்சதில்ல," என்றான். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. கரண்டி மறுபடி தட்டுக்குப் போனது.

உங்கள் வீட்டில் ஆக்கியது திரிந்தாலும் குழைந்தாலும், உட்கார்ந்து சாப்பிட ஆள் குறையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. தண்ணீர்மேல் போன உங்கள் பிள்ளைகளெல்லாம் பசியோடு வாசல் ஏறி வரட்டும்.