வல்லெட்டாவுக்குப் பெலிக்ஸ் சொன்ன வழி

பெலிக்ஸ் தன் மகள் பொன்செல்வியோடு பேச்சை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷன். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை, புனலூர் வரைக்கும் மலைப்பாதையில் எந்த வளைவில் எந்த கியர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். மகள் விஷயத்தில்தான் வண்டி எங்கே திரும்பியது என்று அவருக்குப் பிடிபடவில்லை.

கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவரின் மகனுக்குப் பொன்செல்வியை நிச்சயம் செய்வதாக இருந்தது. "நர்ஸ் வேலைய விட்டுரணும்னு சொல்லுதாங்கப்பா. எனக்குச் சரிப்படாது" என்று ஒரே பேச்சில் அதை முடித்துவிட்டு, மால்டா என்கிற தீவில் முதியோர் இல்லம் ஒன்றுக்கு வேலைக்குப் போய்விட்டாள். வாக்குக் கொடுத்திருந்தவர் அவர். அந்த நண்பரின் முகத்தில் முழிக்கக் கூசி, டீ குடிக்கிற கடையைக்கூட மாற்றிக்கொண்டார். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு மனைவி ஞானபாக்கியம் மட்டும்தான் போய் வந்தாள்.

மகள் தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். அங்கே மதியம் பன்னிரண்டு, இங்கே சாயங்காலம் நாலரை. ஞானபாக்கியம் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துப் பேசுவாள். பெலிக்ஸ் பக்கத்து நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டாமல் உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் திரையில் ஏதோ ஓடியது. பெரிய வட்ட நீரூற்று. அதைச் சுற்றி வரிசை வரிசையாகப் பஸ்கள்.

"அது என்னளா, பஸ் ஸ்டாண்டா?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும். அவட்ட கேளுங்க."

பதில் போனுக்குள்ளிருந்தே வந்தது. "ஊர் வாசல்ப்பா இது. பஸ் எல்லாம் இங்கனயே நின்னுரும். உள்ள நடந்துதான் போவணும்."

அவர் ஒரு பக்கத்தைப் புரட்டினார். பிறகு பேப்பரைப் பார்த்தபடியே, "ஏன், உள்ள ரோடு கெடையாதா?" என்றார்.

"ரோடு இருக்குப்பா. இது கோட்டை ஊரு. கட்டி நானூத்தம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. அன்னைக்கு பஸ்ஸ யாரு கண்டா?" என்றவள், போனை முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். "பாருங்கப்பா, அகழி. தண்ணி கெடையாது. பாறைய வெட்டியே எடுத்துருக்காங்க."

அப்படித்தான் அவர் மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவுக்குள் நுழைந்தார்.

அதற்கப்புறம் நாலரை மணிக்குப் போனைப் பிடிக்கிறவர் அவர்தான். ஊர் முழுக்க ஒரே கல், வறுத்த ரவை நிறம். வெயில் சாய்ந்தால் பொன்னாகிவிடும். வீட்டுக்கு வீடு மாடியில் மரக்கூண்டு மாதிரி மாடங்கள், பச்சை, சிவப்பு, நீலம் என்று. தெரு முக்கில் எல்லாம் தலைக்குமேல் ஒரு புனிதர் நின்றார். கோடு போட்டதுபோல் நேர்த்தெருக்கள். எதில் திரும்பினாலும் கடைசியில் கடல் இருந்தது. கடலுக்கும் ஊருக்கும் நடுவே மலைபோல மதில். மதில்மேல் ஒரு தோட்டம். அங்கே தினமும் மதியம் பீரங்கி வெடிப்பார்கள். முதல் நாள் அந்தச் சத்தத்தில் ஞானபாக்கியம் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"அந்தக் காத்து என்ன இந்த இரைச்சல் இரையுது?"

"தெருவ அப்பிடித்தான்பா போட்டுருக்காங்க. கடக்காத்து ஊருக்குள்ள பூந்து வெளிய போவணும்னு."

"நம்ம தென்காசிக் கோயில் வாசல் காத்து மாதிரி" என்றார் பெலிக்ஸ், ரொம்பத் திருப்தியாக.

தெருப் பெயர்கள் அவர் வாயில் நுழையவில்லை. தாமே பெயர் வைத்துக்கொண்டார். மெயின் ரோடு, கோர்ட்டு முக்கு, விளக்குச் சாமியார் முக்கு, படித்தெரு. மகள் குடியிருந்தது படித்தெருவில். இடுங்கிய தெரு, முழுக்கப் படிகள். அடிவாரத்தில் ஒரு ரொட்டிக்கடை, அதன் கிழவர் அவளைக் கண்டால், "சில்வி!" என்று கையாட்டுவார். எத்தனையாவது குறுக்குத்தெரு, எங்கே இறக்கம், எங்கே கடல் தெரியும் என்று பெலிக்ஸுக்கு மனப்பாடம்.

ஊரைப் பற்றி எல்லாம் பேசினார்கள். அந்தக் கல்யாணத்தைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

தை பிறந்த மறுநாள் நாலரைக்கு அழைப்பு வரவில்லை. இவர்கள் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. லீவாக இருக்கும், தூங்கியிருப்பாள் என்றாள் ஞானபாக்கியம். விடிந்தும் பதில் இல்லை. பத்து மணிக்குப் பெலிக்ஸ் பக்கத்து வீட்டுப் படலைத் தட்டினார். உமா மகேஸ்வரி, இலஞ்சியில் பள்ளிக்கூடத்து ஆங்கில ஆசிரியை. பொங்கல் விடுமுறையில் வீட்டில் இருந்தாள்.

அவள் முதியோர் இல்லத்தைக் கூப்பிட்டுப் பேசினாள். "அவளுக்கு ரெண்டு நாள் லீவாம் அண்ணாச்சி. அங்க இன்னும் விடியவே இல்ல. ஆபீஸ் ஆள் வந்தாத்தான் வீட்டு முகவரி எடுக்க முடியுமாம். மூணு மணி நேரம் ஆவும்ங்காங்க."

"முகவரி எதுக்கு டீச்சர்? எனக்கு வழி தெரியும்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"தெருவத் தெருவா போட்டோ காட்டுத மேப்பு இருக்குல்லா, அதத் தொறங்க. ஊர் வாசல்ல கொண்டுபோய் நிறுத்துங்க."

மடிக்கணினியில் அந்த வட்ட நீரூற்று வந்தது. பெலிக்ஸ் நாற்காலியை இழுத்துப்போட்டு, இரண்டு கையையும் மேஜைமேல் ஸ்டியரிங் பிடிக்கிற மாதிரி வைத்தார்.

"நேரா போங்க. பாலம் தாண்டுங்க. இன்னும் நேரா. வலப்பக்கம் முதத் தெருவ விடுங்க, ரெண்டாவதையும் விடுங்க. இங்கன திரும்புங்க. எறக்கம் வரும்."

உமா மகேஸ்வரி அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனாள். இறக்கம் வந்தது. ஆனால் அதன் முடிவில், வரக்கூடாத இடத்தில் கடல் வந்து நின்றது.

"நில்லுங்க, நில்லுங்க. தப்பு." அவர் நெற்றி வேர்த்துவிட்டது. ஞானபாக்கியம் பின்னால் நின்று ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏளா, ஒரு நிமிஷம் சும்மா இரி" என்றவர் கண்ணை மூடினார். மகள் கையில் போனோடு நடந்த நடை உள்ளே ஓடியது. கோர்ட்டு வாசலில் தூண்கள். அதற்கு அப்புறம் ஒரு நகைக்கடை. "ஒரு தெரு முந்தித் திரும்பிட்டோம் டீச்சர். பின்னால போங்க."

பின்னால் போய், மறுபடி திரும்பினார்கள். விளக்கேந்திய புனிதர் முக்கில் தலைக்குமேல் நின்றார். இடப்பக்கம் படிகள் தொடங்கின. அடிவாரத்தில் மங்கிய பலகையோடு ரொட்டிக்கடை.

"இதான். பலகையில போன் நம்பர் இருக்கா பாருங்க."

இருந்தது. படத்தைப் பெரிதாக்கியபோது கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. மூன்றைப் போட்டால் யாரோ ஒரு பெண் எடுத்துச் சத்தம் போட்டாள். எட்டைப் போட்டதும் கிழவர் குரல் வந்தது. உமா மகேஸ்வரி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னாள். இந்திய நர்ஸ். மேலே, வலப்பக்கம் ஆறாவது கதவு, பச்சை மாடம்.

"சில்வி?" என்றார் கிழவர். அப்புறம் போனை வைக்காமலே நடந்தார்.

இலஞ்சி சாலையில் ஒரு வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மூன்று பேரும் அந்தக் கிழவர் மூச்சு வாங்குவதைக் கேட்டார்கள். கதவில் பித்தளை வளையம் இடிபடும் சத்தம். அவர் கூப்பிடும் சத்தம். நிசப்தம். மறுபடி இடி. பிறகு அவர் யாரையோ உரக்க அழைத்தார், பல குரல்கள் கேட்டன, காலடிகள் ஓடின. உமா மகேஸ்வரி பெலிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து வீட்டு மாடிக்கு ஏறினவங்களுக்குச் சத்தம் கேக்குதாம் அண்ணாச்சி. அவ மொட்டைமாடில இருந்து. ரெண்டு பேர் சுவரத் தாண்டுதாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "உயிரோட இருக்கா. கால்தான் ஒடிஞ்சிருக்கு. பேசுதா."

ஈரத் துணிக் கூடையோடு மொட்டைமாடிக்கு ஏறியவள், குறுகிய கல்படிக்கட்டின் மேல்படியில் வழுக்கி மாடியிலேயே விழுந்திருந்தாள். போன் கீழே அறையில் அடித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரர்கள் வெளியூர். பீரங்கிக்குத் தாங்குகிற மாதிரி கட்டிய சுவர்கள். அவள் கத்தியது தெருவுக்கு வரவே இல்லை. ஒரு பகல், ஒரு ராத்திரி. ஈரத் துணிகளை எல்லாம் மேலே போர்த்திக்கொண்டு கிடந்திருக்கிறாள்.

ஞானபாக்கியம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பெலிக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். "டீச்சர், ஆம்புலன்ஸ் அந்தப் படியில ஏறாது. மேல் தெருவுல நிறுத்திட்டு ஸ்ட்ரெச்சர்ல தூக்கச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். கிழவர் ஏதோ பதில் சொல்ல, அத்தனை நேரத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். "அவரு பொறந்ததே அந்தத் தெருவுலதானாம் அண்ணாச்சி. எழுவது வருசமா அப்பிடித்தான் தூக்குதாங்களாம்."

தொடையில் பிளேட் வைத்தார்கள். கூட வேலை பார்க்கும் கேரளப் பெண்கள் மாறி மாறிப் பார்த்துக்கொண்டார்கள்; கிழவர் ரொட்டி கொண்டுவந்தார். ஆனி பிறந்ததும் பொன்செல்வி ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்தது.

ஒரு வாரநாளில் மூவரும் வாடகைக் காரில் பழைய குற்றாலம் போனார்கள். ஓட்டியவர் பெலிக்ஸ். ஞானபாக்கியம் மட்டும் அருவிக்கு இறங்கிப் போனாள். அப்பாவும் மகளும் காரிலேயே இருந்தார்கள். கண்ணாடியில் சாரல் பொடிப்பொடியாக ஒட்டியது. பொன்செல்வி மடியில் ரம்புட்டான் பொட்டலம். ஒன்றை உரித்து அப்பாவுக்கு நீட்டினாள்.

அவர் வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"நீ அந்தக் கல்யாணம் வேண்டாம்னியே. நான் ஒரு வாட்டிகூட ஏன் மக்கான்னு உட்காத்தி வச்சுக் கேக்கல. என் கூட்டாளிட்ட என்ன பதில் சொல்லன்னுதான் யோசிச்சேன்."

அவள் அருவிப் பக்கமே பார்த்தாள்.

"நீ மாடியில கெடந்தேல்லா, அன்னைக்குத்தான் ஒறச்சுது. அங்க ஒவ்வொரு முக்கும் எனக்குத் தெரியும். உன் மனசு என்னன்னு ஒண்ணும் தெரியாது."

"இப்ப கேளுங்கப்பா" என்றாள்.

கேட்டார். அவள் சொன்னாள். மாப்பிள்ளைப் பையன் நல்லவன்தான். ஆனால், நோயாளிகளைத் தொட்ட கை என்று அவன் அம்மா, பொன்செல்வி கொண்டுபோன பலகாரத்தை அவள் கண்முன்னாலேயே வேலைக்காரியிடம் கொடுத்தாளாம். அவன் பார்த்துக்கொண்டு நின்றானாம். இதைச் சொன்னால் அப்பா நண்பரோடு சண்டைக்குப் போய்விடுவார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெலிக்ஸ் ரம்புட்டானை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார். சாரல் வலுத்து, அருவி தெரியாமல் போயிற்று.

"ஆவணியில திரும்பிப் போறேன்பா" என்றாள் அவள், மெதுவாக, வாக்குவாதத்துக்குத் தயாரானவள் போல.

"போவாம பின்ன? ஆனா அந்தப் படித்தெரு இனி ஆவாது. மேல, பீரங்கி வெடிக்க தோட்டத்துக்குப் பக்கத்துல ஒரு தெரு போவுதுல்லா, சமதரையா. அங்கன கீழ்வீடா பாரு."

பொன்செல்வி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அவர் ரம்புட்டானை வாயில் போட்டுக்கொண்டு வைப்பரைப் போட்டார்.

அவள் போனபிறகு பெலிக்ஸும் ஞானபாக்கியமும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். முதல் தடவை விசா கிடைக்கவில்லை. இரண்டாவது தடவைக்கு உமா மகேஸ்வரிதான் விண்ணப்பம் நிரப்பினாள்.

"போற காரணம் என்ன எழுத அண்ணாச்சி? மகளைப் பாக்கன்னு போடட்டா?"

"அத மட்டும் போடாதீய டீச்சர்" என்றார் பெலிக்ஸ். "ஊரப் பாக்கன்னும் சேத்து எழுதுங்க. அதான உண்மை."